காகிதத்தில் பொங்கிய பானை

என் கணவர் இறந்த இரண்டாம் மாதம் பொங்கல் வந்தது. வயலில் சம்பா அறுப்புக்கு நின்றது. எனக்கு எதுவும் உறைக்கவில்லை. துக்க வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. "பானை மட்டும் வைம்மா" என்று கெஞ்சிய மகளை அடித்துவிட்டேன்.

பொங்கலன்று அவளும் அவள் தம்பியும் உரக்கடைக் காலண்டரைக் கிழித்துப் பானை வெட்டப் பார்த்தார்கள். வளைவு வெட்ட வரவில்லை. நான் வாங்கி வெட்டிக் கொடுத்தேன். பொங்கி வழிவதற்குப் பஞ்சு ஒட்டினோம்.

பக்கத்து வீடுகளில் தட்டைத் தட்டிக் கூவினார்கள்.

"அம்மா, மெதுவா சொல்லிக்கட்டுமா?" என்றாள் மகள்.

தலையாட்டினேன். "பொங்கலோ பொங்கல்" என்று இருவரும் கிசுகிசுத்தார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

மறுவருஷம் நிஜப் பானை பொங்கியபோதும் அவர்கள் கிசுகிசுக்கத்தான் செய்தார்கள். "சத்தமா சொல்லுங்களேன்" என்று நான்தான் கத்தினேன். என் துக்கத்தில் பிள்ளைகளின் குரலையும் அடக்கிவிட்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.