பஞ்சி என்று பெயர் வைத்தார்கள்

முதலில் என் தலைமயிர்தான் காட்டிக்கொடுத்தது. வாரிப் பின்ன மனமில்லாமல் சிக்கு விழுந்து கிடந்தது. அறுபதுகளின் தொடக்கம், எனக்குப் பதினைந்து வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முரசுமோட்டையில் வயல் செய்துகொண்டிருந்தோம். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் வீட்டில் எல்லோரும் வயலில் நிற்க வேண்டும். நான் பாயில் கிடந்தேன்.

"பஞ்சி பிடிச்ச பெட்டை," என்றார் என்னைப் பெற்ற ஐயா.

பஞ்சி என்றால் எங்கள் பக்கத்தில் சோம்பல். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படிக் கிடக்கலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பசி போனது. விடியப்புறம் விழிப்பு வந்துவிடும். நெஞ்சில் ஈரச்சாக்கு வைத்ததுபோல் இருக்கும். பின்னேரமானால் சற்று இலேசாகும், எழுந்து நடமாடுவேன். "வேலை முடிஞ்சாப் பிறகு எழும்புறாள் பார்," என்றார்கள்.

யார் கூப்பிட்டாலும் எரிந்து விழுந்தேன். தம்பியின் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கி எறிந்தேன். அந்த எரிச்சலும் நோய்தான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வேப்பிலையால் அடித்தார்கள். நூல் கட்டினார்கள். "கலியாணத்தைக் கட்டிக் குடுங்கோ, எல்லாம் சரிவரும்," என்றார் ஒரு மாமி. அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒருநாள் குசினியில் அம்மாவிடம் சொன்னேன்: "எனக்கு இருக்கவே பிடிக்கேல்லை அம்மா. செத்தால் நல்லம்."

அம்மாவின் கையிலிருந்த அகப்பை விழுந்தது. அடுத்த நாளே யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினோம். ஐயாவிடம் பல்லுவலி என்று சொன்னார். குமர்ப்பிள்ளைக்கு மனதில் வருத்தம், அதாவது நோய், என்று வெளியே தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்ற பயம். சாக நினைத்தவளுக்குப் பல்லுவலியாம்!

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைக் கேட்டதற்கெல்லாம் அம்மாவே பதில் சொன்னார். "இவளுக்குச் சரியான பஞ்சி, டொக்டர்."

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா. நீர் சொல்லும் பிள்ளை, எப்ப முழிப்பு வரும்?"

"கோழி கூவ முன்னமே. பிறகு நித்திரை வராது."

"சாக வேணும்போல இருக்கோ?"

"ஓம்."

அவர் அம்மா பக்கம் திரும்பினார். "பஞ்சிக்காரருக்கு நல்லா நித்திரை வரும் அம்மா. இது வருத்தம். பிள்ளையைத் தனிய விடாதேங்கோ."

மனச்சோர்வு (மனம், பசி, நித்திரை எல்லாவற்றையும் சேர்த்து வீழ்த்தும் நோய்) என்று பெயர் சொன்னார். விழுங்கக் குளிசை தந்தார். அது வேலை செய்ய வாரக்கணக்கானது. வாய் காய்ந்தது, கை நடுங்கியது. கொஞ்சம் தேறி, மறுபடியும் விழுந்தேன். அம்மா ஐயாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, என் பாய்க்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தார். ஐயா என்னோடு அதிகம் பேசவில்லை. அந்தச் சொல்லையும் பிறகு சொல்லவில்லை.

மாரி மழை நாளொன்றில் கண் விழித்தேன். நன்றாக விடிந்திருந்தது. நெஞ்சில் சாக்கு இல்லை. கால்கள் கதகதப்பாக, என்னுடையவையாக இருந்தன. தேத்தண்ணி குடிக்க அம்மா கூப்பிட்டார்.

"பஞ்சியாக் கிடக்கு அம்மா, பிறகு வாறன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. அம்மா கதவடியில் நின்று அழுதார். "கிட பிள்ளை. வேணுமட்டும் கிட."

இப்போதும் விழித்தவுடன் நெஞ்சைத் தடவிப் பார்ப்பேன். சாக்கு இல்லாவிட்டால், எவ்வளவு வேலை இருந்தாலும் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் படுத்திருப்பேன். யாராவது வந்து பஞ்சி என்று சொல்லிப் பார்க்கட்டும்.