ரேம் காணாத கம்ப்யூட்டரில் மகளின் தாலிகட்டு

மகளுக்கு லண்டனில் கல்யாணம். எனக்கு விசா தரவில்லை. கையில் இருப்பதோ பொத்தான் போன். உடையார்கட்டில் உள்ள வீட்டில், என் பழைய கம்ப்யூட்டரில்தான் நேரலையைப் பார்க்க வேண்டும். பிறகு பதிவில் பார்க்கலாமாம். ஆறின சோறா நான் கேட்டேன்? பெற்றவன் தாலிகட்டையாவது அந்த நேரத்திலேயே காண வேண்டாமா?

கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் முல்லைத்தீவுக்குப் போனேன். திருத்துகிறவர் திறந்து பார்த்தார்.

"ரேம் காணாது ஐயா, இடம் போதாது. இந்த மொடலுக்கு இப்ப ரேம் வாறேல்லை. விர்ச்சுவல் மெமரியைக் கூட்டிவிடுறன். ரேமிலை இடம் முடிஞ்சால் மிச்சத்தை ஹார்ட் டிஸ்கிலை வைச்சு எடுக்கும். ஆனா ஆறுதலா, மெதுவாத்தான் எடுக்கும். ஒரே நேரத்திலை கனக்கத் திறந்து வைக்காதேங்கோ."

இடம் கூடிவிட்டது என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

கல்யாணத்தன்று மத்தியானம் பட்டுவேட்டி கட்டி, கையில் வாழ்த்திப் போட அறுகரிசியோடு கதிரையில் இருந்தேன். மனைவி இறந்து நான்கு வருடம். அவளும் பார்க்கட்டும் என்று அவளுடைய படத்தைத் திரையின் ஒரு பக்கத்தில் திறந்தேன். பிறகு மகளின் சின்ன வயதுப் படங்கள், ஒவ்வொன்றாக. வெறும் வீட்டில் வேறு யாரைக் கூப்பிடுவது? கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் திறந்தது. பாழாய்ப்போனது, ஒன்றையாவது மறுத்திருக்கலாம்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். நேரலை அப்படியே நின்றது. சத்தமும் இல்லை. பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் மட்டும் கறகறவென்று அரைத்தது.

"எட, இப்பவே உனக்கு நிக்கக் கிடைச்சது?" என்று கத்தினேன்.

படங்களை மூடத் தொடங்கினேன். ஒவ்வொன்றும் மூடப்பட ஒரு யுகம். கடைசியில் மனைவியின் படம் மட்டும் மிஞ்சியது. நேரலை இன்னும் அசையவில்லை. சபையில் வந்து இருந்தவளை எப்படி எழுப்பி அனுப்புவது?

"இஞ்சரும், கோவியாதையும்" என்று சொல்லி மூடினேன்.

நேரலை அசைந்தது. மகளின் கழுத்தில் தாலி இருந்தது. ஆட்கள் சாப்பிட எழும்பிக்கொண்டிருந்தார்கள். ஆத்திரத்தில் அறுகரிசியைத் திரையிலேயே எறிந்தேன். கீபோர்ட் இடுக்கெல்லாம் அரிசி.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"அப்பா, தாலி கட்டேக்கை பாத்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை, வடிவாப் பாத்தனான்."

"தனியவே இருந்தனீங்கள்?"

"இல்லைப் பிள்ளை. கொம்மாவும் பக்கத்திலை இருந்தவா."

அவள் அழுதாள். அவளுடைய அம்மாவை நான்தான் எழுப்பி அனுப்பினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.