இரண்டு வரிக்குள் அடங்காத வசனம்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அது கொஞ்சம் கௌரவம். எங்கள் சபைக்கு அடித்த தினசரி காலண்டரில் முந்நூற்று அறுபத்தைந்து வசனங்களையும் தேர்ந்தெடுத்தவன் நான்தான். தேர்ந்தெடுத்தேன் என்பதுகூடப் பெரிய வார்த்தை. கத்தரித்தேன்.

திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற வேலை எனக்கு. காலண்டரில் தேதிக்குக் கீழே வசனத்துக்கு இரண்டு வரி இடம். மூன்றாவது வரி வந்தால் தாளுக்கு வெளியே போய்விடும். ஆகவே நீளமான வசனம் என்றால் தலையையோ வாலையோ நறுக்கிவிடுவேன். முதல் புரூப்பில், பழைய ஆர்டரில் இருந்த ராகுகாலத்தை எடுக்க மறந்து, கிறிஸ்துமஸ் அன்றைக்கு எமகண்டம் எத்தனை மணிக்கு என்று சபையாருக்கு அறிவித்திருந்தேன். அதை நானே கண்டுபிடித்து நீக்கிய பெருமையில், இந்தக் காலண்டரில் இனி ஒரு பிழை கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் ஆயரம்மா என்னைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் சபைக்கு வந்த முதல் பெண் ஆயர் அவர். என்னைவிட இருபது வயது இளையவர். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன்.

உள்ளே எங்கள் சபையைச் சேர்ந்த பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிறவள். அவள் புருஷன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் விஸ்வநத்தம் பக்கம் மருந்து கலக்கும்போது வெடித்து இறந்துபோனான். அவன் இறந்த தேதி அன்றைக்குத்தான். சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டில் நினைவு ஜெபம் வைத்திருந்தாள். அவனுடைய குழியில் மண் போட்டவர்களில் நானும் ஒருவன். அந்தத் தேதி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மேசைமேல் அன்றைய காலண்டர் தாள் கிடந்தது. மனந்திரும்பாவிட்டால் நீங்கள் எல்லாரும் அப்படியே அழிந்துபோவீர்கள் என்கிற வசனம். இரண்டே வரி. கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

“இம்புட்டு நாளா எங்க மூத்தாரு இதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாக,” என்றாள். மூத்தார் என்றது புருஷனின் அண்ணனை. “ஞாயித்துக்கிழமையானா கோயிலுக்கு வராம லோடு ஏத்தப் போயிருவான், அதான் கர்த்தர் எடுத்துட்டாருன்னு. இன்னைக்குக் காலைல தாளக் கிழிச்சு எங்கையில குடுத்து, ‘நானா சொல்றேன்? வேதமே சொல்லுது பாரு’ங்கிறாக. ஜெபம் வேண்டாம்மா. எம்பிள்ளைக முன்னால அவுக அப்பா பாவத்துல செத்தாருன்னு கேக்கவா?”

என் வாய் சும்மா இருக்குமா? “நான் ஒண்ணும் இட்டுக்கட்டலையே, வேதத்துல உள்ளதத்தானே...”

ஆயரம்மா என்னைப் பார்த்தார். “இதுக்கு முந்தின பாதி எங்கண்ணே?”

“இடம் பத்தலம்மா.”

“மிரட்டுறதுக்கு மட்டும் இடம் இருந்துச்சோ?”

நான் அங்கிருந்த நாற்காலியில் என்னைச் சுருக்கி வைத்துக்கொண்டேன்.

அவர் வேதாகமத்தைத் திறந்து, அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பி வைத்து, அவளையே வாசிக்கச் சொன்னார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்கிற இடம். அடுத்து அவரே இல்லை என்கிறார். அந்த ‘இல்லை’யில் அவள் விரல் நின்றுவிட்டது. இன்னொரு தடவை வாசித்தாள். அப்புறம் நிமிர்ந்து, “அப்ப பின்னாடி எதுக்கு இப்படிப் பயங்காட்டுறாரு?” என்றாள்.

நானாக இருந்தால், அதெல்லாம் தேவ ரகசியம் என்று மழுப்பியிருப்பேன். ஆயரம்மா மழுப்பவில்லை. “அந்தக் காலத்துல ஒருத்தர் கோரமாச் செத்தா, பெரிய பாவின்னு சனங்க நெனச்சாங்க. ரோம ஆளுநர் பலி செலுத்த வந்தவங்களையே வெட்டிட்டான்னு சிலபேர் வந்து சேதி சொல்றாங்க. அவங்களுக்குச் சொன்ன பதில்தான் இது. நாடே ரோமோட மல்லுக்கு நிக்கத் துடிச்ச நேரம். இப்படியே போனா உங்க மதிலும் உங்க மேல விழும்னு எச்சரிச்சார்னு சிலர் சொல்றாங்க. பின்னாடி அந்த நகரமே இடிஞ்சும் போச்சு. வேற மாதிரி விளக்கம் சொல்றவங்களும் இருக்காங்க.”

“அந்தப் பதினெட்டுப் பேரு யாரு? கொத்தனாரா?”

“எழுதலை. எனக்குத் தெரியாது.”

பலிபீடத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஒருவர் ‘தெரியாது’ என்று சொல்லி என் ஆயுளில் அன்றைக்குத்தான் கேட்டேன். ஒரு வருஷப் பிரசங்கத்தைவிட அந்த ஒரு சொல்லில் அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

அவள் அந்தத் தாளைக் கையில் எடுத்தாள். “பக்கத்துக் கம்பெனில வெடிச்ச மறுநாளு, எங்க ஃபோர்மேன் எங்க எல்லாத்தையும் நிப்பாட்டி வஞ்சாரும்மா. ‘ஒரு ரூமுக்குள்ள இப்படிக் கூட்டமா நின்னீகன்னா உங்களுக்கும் இதே கதிதான்’னு. செத்தவுகளையா வஞ்சாரு? உசுரோட நின்ன எங்களத்தான வஞ்சாரு?”

ஆயரம்மா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். “இதை நான் சாயங்காலம் சொல்லிக்கலாமா?”

“வேண்டாம்மா. நானே சொல்லிக்கிடுதேன்.”

சொன்னாள். நாலு மணிக்குக் கூடம் நிறைய ஆள். அவள் எழுந்து நின்று, முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். ‘இல்லை’ வந்ததும் நிறுத்தி, முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு ஃபோர்மேன் திட்டிய கதை. கூடத்தில் பாதிப் பேர் பட்டாசு வேலைக்காரர்கள். யாருக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை. மூத்தார் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவள் கையிலிருந்த வேதாகமத்தை வாங்கி, விரல் வைத்துத் தானும் ஒருமுறை வாசித்துப் பார்த்தார். புத்தகத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜெபத்துக்குக் கண்ணை மூடினார்.

எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவளிடம் போனேன். மன்னிப்புக் கேட்பதிலாவது கஞ்சத்தனம் கூடாது என்று வழியெல்லாம் நீளமாக யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

“தப்பு என்மேலதான் தங்கச்சி. அடுத்த வருசம் இந்தத் தேதிக்கு நல்ல ஆறுதலான வசனமாப் பாத்துப் போட்டுருதேன்.”

“அதே வசனத்தப் போடுங்கண்ணே, முழுசா.”