பிழைகள்: பூஜ்யம்

"எந்தக் கழுதை இதுக்குப் பேரை மாத்திச்சு?" என்று கணினித் திரையைக் கேட்டுவிட்டு, செனெய்தா பச்சை மாங்காய்க் கீற்றை உப்பில் தோய்த்துக் கடிக்கிறாள். மணி ஏழு. தலைநகர் மனாகுவாவின் அந்தச் சின்ன அலுவலகத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. திரையில் இருப்பது, முந்தின நாள் சங்கத்தின் இணையதளத்துக்கு வந்து, கேட்ட பக்கம் கிடைக்காமல், 'அப்படியொரு பக்கம் இல்லை' என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனவர்களின் பட்டியல். இன்றைக்குப் பத்தொன்பது. மற்ற இடங்களில் இப்படியொரு பட்டியல் இருப்பதே பல பேருக்குத் தெரியாது. செனெய்தா ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, உதடு அசைய வாசிப்பாள். "இவன் உப்பில்லாச் சமையலைத் தேடியிருக்கான். இது மூணு தடவை தட்டியிருக்கு, பாவம். இதென்ன வாலு? ஓ, வாக்கியத்து முற்றுப்புள்ளியையும் முகவரியோட சேத்து அனுப்பியிருக்கான் புண்ணியவான்."

பிறகு நோட்டைத் திறப்பாள். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டு. பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் 'இருந்தது', வலது பக்கம் 'இருக்கிறது'. ஒரு பக்கத்தின் முகவரி மாறினால், பழைய முகவரியைத் தட்டுகிறவரைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும். பதினொரு வருஷமாக அவளுடைய வேலை அதுதான். நோட்டில் இருநூற்றுப் பதினாலு வரிகள். எதையும் அடித்ததில்லை.

சங்கம், சிறுநீரகம் கெட்டவர்களுக்கானது. மேற்கே கரும்புக் காடுகளில் நடுவெயிலில் வெட்டி வெட்டி, நாற்பது வயதுக்குள் சிறுநீரகம் சுருங்கிப்போன ஆண்கள். வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி அவர்களை வேனில் ஏற்றி டயாலிசிஸுக்குக் கொண்டுபோக வேண்டும். வேன் எங்கே, எத்தனை மணிக்கு என்பது இணையதளத்தில் ஒரு பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தின் முகவரியை அச்சடித்த அட்டை ஒவ்வொரு நோயாளி வீட்டிலும் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். ஆறு வருஷத்துக்கு முன் அடித்த அட்டை. அதற்குள் அந்தப் பக்கம் நாலு தடவை இடம் மாறிவிட்டது. அட்டைக்கு அது தெரியாது, தெரியவும் வேண்டாம் என்பது செனெய்தாவின் கட்சி.

இந்தக் கட்சிக்கு அவள் எங்கேயும் போய்ப் படிக்கவில்லை. அவள் வீட்டு விலாசம், 'ரொசாலெஸ் மருந்துக்கடை இருந்த இடத்திலிருந்து ஏரிப் பக்கம் இரண்டு தெரு, மேலே அரைத் தெரு.' மருந்துக்கடை எழுபத்திரண்டாம் வருஷத்துப் பூகம்பத்தில் விழுந்தது. அவள் பிறந்தது அதற்கு ஐந்து வருஷம் கழித்து. அந்தக் கடையில் ஒரு மாத்திரை வாங்கின மனிதரை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் கடிதம் வருகிறது, காஸ் சிலிண்டர் வருகிறது, கடன்காரனும் சரியாக வந்துவிடுகிறான். ஊரே இப்படித்தான் வழி சொல்கிறது. கட்டிடம் போகலாம், விலாசம் போகக்கூடாது.

அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். இருபத்து மூன்று வருஷமாக 'நீ' என்று கூப்பிடும் புருஷன் ஒஸ்மினிடம் ஒரு நாள், "நீங்க சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்டாளாம். அவன் தட்டை வைத்துவிட்டு, என்ன தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டே முற்றத்துக்குப் போய் நின்றுவிட்டான். அலுவலகத்திலும் இது எல்லோருக்கும் தெரியும். செனெய்தா 'நீ, வா, போ' என்று பேசுகிறவரை எல்லாம் சுகம்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை அவள் பட்டியலைத் திறந்தபோது அதில் ஒன்றுமே இல்லை.

வெள்ளிக்கிழமைதான் புது இணையதளம் திறந்திருந்தார்கள். வெளியிலிருந்து ஒரு கம்பெனி வந்து செய்தது. வர்ணமும் வழுவழுப்புமாக இருந்தது. ஆனால் பட்டியலில், 'பிழைகள்: பூஜ்யம்.' வேறு யாராவது இருந்தால் கைதட்டியிருப்பார்கள். செனெய்தா கடித்த மாங்காயைக் கீழே வைத்தாள். பதினொரு வருஷத்தில் ஒரு நாள்கூடப் பூஜ்யம் வந்ததில்லை. ஒன்று, ஊரில் எல்லோரும் தேடுவதை விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ புளுகுகிறார்கள்.

மேசை டிராயரிலிருந்து ஒரு நோயாளி அட்டையை எடுத்து, அதிலிருந்த முகவரியை எழுத்தெழுத்தாகத் தட்டினாள். வேன் பக்கம் வரவில்லை. முகப்புப் பக்கம் வந்தது. இயக்குநர் மிர்னா வெள்ளைக் கோட்டில் திரை நிறையச் சிரித்தாள். அவளுக்குக் கீழே ஒரு வீடியோ, கேட்காமலே ஓட ஆரம்பித்தது. வேறொரு பழைய முகவரியைத் தட்டினாள். மறுபடி மிர்னா. நோட்டைப் பிரித்து இருபது தட்டினாள். இருபது தடவையும் மிர்னா சிரித்தாள். இருநூற்றுப் பதினாலு வரியையும் தூக்கி எறிந்துவிட்டு, எந்தப் பழைய முகவரி வந்தாலும் முகப்பில் கொண்டுபோய்த் தள்ளு என்று ஒற்றை வரியில் முடித்திருந்தார்கள். யாருக்கும் 'இல்லை' என்ற பதில் போகவில்லை. அதனால்தான் பிழை பூஜ்யம்.

ஒன்பது மணிக்கு வேன் ஓட்டுநர் பயார்தோ போனில் கூப்பிட்டான். அந்த ஊரில் 'தோஞா' என்றால் 'அம்மா' என்பது மாதிரி.

"தோஞா, கல்லறைத் தோட்ட வாசல்ல பதினோரு பேர் ஏறணும். எட்டுப் பேர்தான் ஏறினாங்க. எவெனோரைக் காணோம். அவன் செத்தாக்கூட நேரத்துக்கு வர்ற ஆளு."

சனிக்கிழமை மழையில் ஓடைப் பாலம் உடைந்துவிட்டது. வேன் வழக்கமாக நிற்பது, முன்பு கரும்பு வண்டிகளை எடை போட்ட இடத்தில். அதற்குப் பேர் 'எடைமேடை இருந்த இடம்'. அது ஓடைக்கு அந்தப் பக்கம். இனிமேல் வேன் இந்தப் பக்கத்துக் கல்லறைத் தோட்ட வாசலில் நிற்கும், ஆட்கள் பலகை மேல் நடந்து வந்து ஏற வேண்டும் என்று செனெய்தா அன்றைக்கே வேன் பக்கத்தில் எழுதிப் போட்டிருந்தாள். எழுதினது சரியாகத்தான் இருந்தது. அட்டை பார்த்துத் தட்டின ஒருத்தரும் அங்கே போய்ச் சேரவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வாய்வழியாகத் தெரிந்தது. அந்தப் பக்கத்து மூன்று பேருக்குத் தெரியவில்லை.

சாயங்காலத்துக்குள் இரண்டு பேரைப் போனில் பிடித்துவிட்டாள். எவெனோரின் எண், 'உபயோகத்தில் இல்லை' என்றது.

"நீ யார்கிட்டயாவது சொல்லி அனுப்பினியா?" என்று பயார்தோவைக் கேட்டாள்.

"பால்காரன்கிட்ட சொல்லியிருக்கேன். தண்ணி இறங்கினாத்தான் அவன் அந்தப் பக்கம் போவான். புதன்கிழமையும் தவறிச்சுன்னா அவன் தாங்க மாட்டான் தோஞா. போன வருஷம் இதே மாதிரி ரெண்டு நாள் தவறின ஆளைத்தான் நாம தூக்கிட்டுப் போனோம்."

செவ்வாய்க்கிழமை காலை கூட்டம் இருந்தது. மேசையில் காப்பி, ஒரு தட்டு சோள முறுக்கு. கம்பெனிக்காரன் ஃபாபிரிசியோ, முப்பது வயது, வாசனைத் தைலம். சுவரில் ஒரு வரைபடம் காட்டினான். மூன்றே நாளில் முகப்புப் பக்கத்துக்கு வந்தவர்கள் இரண்டு மடங்கு. மிர்னா முகம் மலர்ந்து, "பாத்தீங்களா, ஜனங்க எவ்வளவு ஆர்வமா வர்றாங்க!" என்றாள்.

"அவங்க வரலைங்க, டாக்டர்," என்றாள் செனெய்தா. "கொண்டுவந்து கொட்டியிருக்காருங்க இவர்."

'ங்க' காதில் விழுந்ததும் கணக்கர் தன் காப்பியை எடுத்துக்கொண்டு மெதுவாக எழுந்து வெளியே போனார்.

ஃபாபிரிசியோவுக்கு இந்த அலுவலகத்து வானிலை தெரியாது. சிரித்தான். "தோஞா, உங்க பழைய லிஸ்டைப் பாத்தேன். இருநூறு சொச்சம் வரி. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வழி. இதை யாரு கட்டி மாரடிக்கிறது?"

"நாந்தாங்க. பதினொரு வருஷமா."

"முகப்புக்கு அனுப்பினா அங்கிருந்து தேடிக்கட்டும். சுத்தமா இருக்கு இல்ல?"

செனெய்தா பையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்தாள். கீறல் விழுந்த கண்ணாடி. காலையில் பத்து கோர்தோபாவுக்கு ரீசார்ஜ் செய்திருந்தாள். கிராமத்தில் அவ்வளவுதான் போடுவார்கள். அதையும் ஓர் அட்டையையும் அவன் முன்னால் வைத்தாள்.

"உங்களுக்குச் சிறுநீரகம் ரெண்டும் போயிடுச்சுங்க. நாளைக்கு விடியக்காலை வேன். எங்கே நிக்கும்னு கண்டுபிடிங்க."

அவன் மிர்னாவைப் பார்த்தான். மிர்னா முறுக்கைப் பார்த்தாள். அவன் தட்டினான். மிர்னாவின் படம் மேலிருந்து கீழாக, ஈரத் துணி காய்கிற வேகத்தில் இறங்கியது. பிறகு வீடியோ சுற்ற ஆரம்பித்தது. அதை நிறுத்தப் பார்த்தான். நன்கொடை பொத்தான் மேல் விரல் பட்டு வேறெங்கோ போனான். திரும்பி வந்தான். மறுபடி மிர்னா, பாதி முகம் வரை. அதற்குள் ரீசார்ஜ் தீர்ந்துவிட்டது என்று செய்தி வந்தது. மொத்தம் நாலு நிமிஷம்.

"போயிட்டீங்க," என்றாள் செனெய்தா. "மாலை யாருக்கு அனுப்பணும்னு சொல்லிடுங்க."

"தோஞா, இது பழைய போன்..."

"வழி கேக்குறவனையெல்லாம் கூட்டிட்டுப் போய் பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு, 'எல்லாருக்கும் வழி சொல்லியாச்சு, ஒருத்தரும் தொலையல'ன்னு வரைபடம் போடுறீங்க. தொலைஞ்சவனுக்காவது தொலைஞ்சோம்னு தெரிஞ்சா வேற ஆளைக் கேப்பான். அந்த மரியாதைகூட இல்லாம பண்ணிட்டீங்க. எனக்கு பாஸ்வேர்டு குடுங்க. அரை மணி நேரம் போதும்."

பக்கங்களில் எழுத அவளால் முடியும்; முகவரிகளைத் திருப்பிவிடும் பாஸ்வேர்டு மட்டும் ஒப்பந்தப்படி கம்பெனியிடம் இருக்கிறது. மாற்றம் வேண்டுமென்றால் படிவம் எழுதித் தர வேண்டும், ஐந்து வேலை நாள் ஆகும். மிர்னா, "இந்த வாரம் நன்கொடை கொடுக்கிறவங்க பாத்துட்டிருக்காங்க, செனெய்தா. இப்பப் போய்க் கை வைக்கணுமா?" என்றாள். ஃபாபிரிசியோ காது மடல் சிவந்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் சாயங்காலத்துக்குள் சரி செய்துவிடுவதாகச் சொன்னான். சொல்லும்போது அவன் மனதாரத்தான் சொன்னான். அது அவளுக்கும் தெரிந்தது. அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

அவள் படிவத்தை எழுதினாள். கையெழுத்துப் போடுகிற இடத்தில் பேனா தாளைக் கிழித்தது. மூன்று மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேற்கே போகும் பஸ்ஸில் ஏறினாள். "எங்கேடி போறே?" என்று ஒஸ்மின் போனில் கேட்டான். "பீன்ஸ் பானையில இருக்குங்க, சூடு பண்ணிச் சாப்பிடுங்க," என்றாள். அவன் உடனே போனை வைத்துவிட்டான். ஆறு மணிக்கு, பஸ் கரும்புக் காட்டுக்குள் நுழைந்தபோது, தன் போனில் அட்டையின் முகவரியைத் தட்டிப் பார்த்தாள். மிர்னா சிரித்தாள்.

பயார்தோ வீட்டில் படுத்து எழுந்து, நாலு மணிக்கெல்லாம் அவன் கொடுத்த ரப்பர் செருப்போடு பலகைப் பாலத்தைக் கடந்தாள். தண்ணீர் இன்னும் பலகையை நக்கிக்கொண்டுதான் ஓடியது. பால்காரன் அந்தப் பக்கம் போயிருக்க முடியாது. எடைமேடை இருந்த இடத்தில் சிமெண்டு விளிம்பு கூட இல்லை, சேறும் புல்லும்தான். நடுவில் நின்றாள். கொசு பிடுங்கியது. பாஸ்வேர்டை, படிவத்தை, ஐந்து வேலை நாளை, அவற்றின் தாய் தகப்பனை ஒவ்வொருவராக, மிகுந்த மரியாதையோடு திட்டினாள்.

நாலரைக்கு ஒரு சைக்கிள் வரும் சத்தம். யாரும் ஓட்டவில்லை. எவெனோர் சீட்டில் உட்கார்ந்து, வீங்கின கால்களை இரண்டு பக்கமும் தொங்கவிட்டிருந்தான். அவன் மனைவி மார்பெலி ஒரு கையால் அவன் முதுகையும் மறு கையால் ஹாண்டில்பாரையும் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவன் மூச்சு சைக்கிளுக்கு முன்னால் வந்தது.

"யாரு அது?" என்றாள் மார்பெலி.

"சங்கத்துலேர்ந்து. செனெய்தா. வேன் இங்கே வராது. கல்லறைத் தோட்ட வாசலுக்குப் போகணும். இன்னும் நேரம் இருக்கு."

மார்பெலி சைக்கிளை நிறுத்தினாள். வாய் கோணியது. அழுவாள் போலிருந்தது. அழவில்லை.

"திங்கக்கிழமை ஏழு மணி வரைக்கும் இந்தச் சேத்துல உக்காந்திருந்தோம். அட்டையில இருக்கிறதைத்தான் தட்டினேன். ஒரு டாக்டரம்மா சிரிச்சாங்க. வேன் எங்கேம்மான்னு கேட்டா அதுக்கும் சிரிக்கிறாங்க. இருந்த ரீசார்ஜும் போச்சு. நேத்து மறுபடி கடன் வாங்கிப் போட்டேன். மறுபடி அதே சிரிப்பு. எங்களைப் பாத்தா சிரிப்பா இருக்கா உங்களுக்கு?"

"கல்லறைத் தோட்டமா?" என்றான் எவெனோர், மூச்சுக்கு நடுவே. "அதுக்கு எதுக்கு... வேனு? நானே... போயிருப்பேனே."

"வாயை மூடு," என்றாள் மார்பெலி. பிறகு செனெய்தாவிடம், "உங்களைத்தான் கேக்குறேன்," என்றாள்.

ஓடைக்கு எதிர்ப் பக்கம், கல்லறைத் தோட்டத்திலிருந்து பயார்தோவின் ஹாரன் ஒரு முறை கேட்டது.

செனெய்தா ரப்பர் செருப்பைச் சேற்றிலிருந்து பிடுங்கி இரண்டு எட்டு வைத்து வந்தாள். மார்பெலியின் கைக்குப் பக்கத்தில் ஹாண்டில்பாரைப் பிடித்து, முன்சக்கரத்தை ஓடைப் பக்கமாகத் திருப்பி, தள்ள ஆரம்பித்தாள்.