பொட்டு வட்டமா இருக்கணும்

யார் வீட்டுக்குப் போனாலும் பஞ்சாலை அக்கா முதலில் பார்ப்பது தொலைக்காட்சியில் தெரியும் பெண்களின் நெற்றிப் பொட்டைத்தான். பொட்டு வட்டமாக இருந்தால் உட்காருவார். முட்டையாக இருந்தால், "ரிமோட் எங்க?" என்று கை நீட்டிவிடுவார். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

லாபு தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்குவது அவருக்கு வேலை. போன வருட போனசில் டிஸ்க் பிளேயர் வாங்கினார். போட்ட முதல் படத்தில் ஆட்கள் எல்லாரும் தென்னை மரமாக நீண்டு நின்றார்கள். இரண்டு வாரம் விடாமல் பொத்தான்களை அமுக்கியதில், டிவி எந்த வடிவம் என்று பிளேயருக்குச் சொல்லும் இடம் அகப்பட்டது. ஆங்கிலம் படிக்கத் தெரியாது. "மூணாவது கோடு, அப்புறம் கீழ ரெண்டு தட்டு. அது சரிப்படலன்னா ஒவ்வொண்ணா தட்டு லா, பொட்டு சொல்லிடும்" என்பார்.

சென்ற மாதம், பக்கத்து வீட்டு நல்லசாமியின் மகள் வள்ளிநாயகிக்குத் தம்பினிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணைக் காட்ட, அவளுடைய அண்ணனின் கல்யாண டிஸ்க்கை நல்லசாமி வீட்டார் அனுப்பியிருந்தார்கள். "பொண்ணு கொஞ்சம் தடிப்பு போல. யோசிச்சுச் சொல்றோம்" என்று போனில் பதில் வந்தது. வள்ளிநாயகி அன்றிலிருந்து சோற்றைத் தொடவில்லை. அவளுடைய இடுப்பில் குடம்கூட நிற்காது.

"புள்ள தடிப்பு இல்ல. அவங்க மெஷின்லதான் கோளாறு" என்றார் அக்கா. ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் குடியிருக்கும் என்னையும் இழுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறித் தம்பினில் போய் இறங்கினார்.

மாப்பிள்ளையின் தாயார் தாயம்மா மரியாதையாகக் கோப்பி கொடுத்தார். அக்கா கோப்பியைத் தொடாமல், "அந்த டிஸ்க்க ஒருவாட்டி போடுங்க" என்றார். படம் வந்தது. திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை. நடுவில் வள்ளிநாயகி, கையிலிருந்த தட்டின் அகலத்துக்கு இருந்தாள்.

"நாங்க குத்தம் சொல்லல. கண்ணுல தெரியுறதத்தான் சொன்னோம்" என்றார் தாயம்மா.

"மண்டபத்துத் தூணப் பாருங்க. அதுவும் தடிப்பாத்தான் இருக்கு. தூணு என்ன, மூணு வேள சோறா திங்குது?"

தாயம்மா தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் ரிமோட் அக்காவின் கைக்குப் போய்விட்டது. மூன்றாவது கோடு, கீழே இரண்டு தட்டு. படம் ஒரேயடியாகச் சுருங்கியது. இன்னொரு தட்டு. கறுப்புப் பட்டைகள் போயின, தூண் இளைத்தது, வள்ளிநாயகியின் பொட்டு வட்டமாக வந்து நின்றது.

தாயம்மா நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டார். "அட, லெட்சணமா இருக்கே புள்ள! மகனயும் கூட்டிக்கிட்டு அடுத்த ஞாயித்துக்கெழம நேர்ல வர்றோம்னு சொல்லிடுங்க."

எனக்குப் போன உயிர் வந்தது. அக்கா ஆறிப்போன கோப்பியை எடுத்துக் குடித்தார்.

டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தது. பந்திக் காட்சியில் சாம்பார் வாளியோடு பஞ்சாலை அக்காவே வந்தார். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"இது நீங்களா? இவ்ளோ எலும்பாவா இருக்கீங்க!" என்றார் தாயம்மா.

அக்கா ரிமோட்டை எடுத்து, தாம் பந்தியைக் கடந்து போகும்வரை படத்தை மறுபடி அகலமாக்கி வைத்தார்.