கடல் டிராகனின் செவுள்

நேற்று பார்த்த அனிமேஷன் படத்தில், செத்துப்போன கடல் டிராகன் மந்திரத்தால் எழுந்து பறக்கும். என் கணவர் தியேட்டரிலேயே விசும்பினார்.

இன்று மாமல்லபுரத்தில் மீன் விற்கும் அக்காவிடம் அந்தக் காட்சியைப் போனில் காட்டினார்.

அக்கா பெரிதாக்கிப் பார்த்தார்.

"கடலு நெஜமாட்டமே கீது. ஆனா செவுளு வெளுத்துப் போச்சே! செத்து ரெண்டு நாளான மீனு எப்டி நைனா எழுந்துக்கும்?"

"அது மந்திரம்க்கா!" என்றார் கணவர்.

"இன்னா மந்திரம்? செவுளு செவப்பா இருக்கணும்."

எங்களுக்கு எடுத்துவைத்திருந்த சங்கரா மீனின் செவுளை நான் தூக்கிப் பார்த்தேன். சுண்ணாம்பு வெள்ளை.

அக்கா அசரவேயில்லை. "அது மந்திரம் போட்ட மீனும்மா."

கணவர் உடனே வாங்கிவிட்டார்.

இப்போது குழம்பு கொதிக்கிறது. எழுந்துகொள்ளுமா என்று சட்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். சாப்பிட வருகிறவர்கள் கமென்டில் பெயர் கொடுக்கலாம்.