நடுச்சுவரில் ஒரு வாதல்

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். என் மடியில் எந்தக் காலத்திலும் கனம் இருந்ததில்லை. பயம் மட்டும் குறைவில்லாமல் இருந்தது.

காரக்கோணத்தில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை. பிறந்து நாலு நாளான பிள்ளைக்கும், நரம்பு சுருங்கிப்போன கிழவருக்கும் கை நடுங்காமல் ஊசி குத்துவேன். அதே கைக்கு அரசாங்க முத்திரை வைத்த ஒரு பழுப்பு உறையைப் பிரிக்கத் தெம்பு வராது. நிலத்துக்குக் கரம் கட்ட வருஷத்துக்கு ஒருமுறை வில்லேஜ் ஆபீசுக்குப் போகவேண்டும். எங்கள் பக்கம் வரியைக் கரம் என்போம். சொற்பத் தொகைதான். ஆனாலும் அன்று காலையில் எனக்குத் தோசை இறங்காது. கவுண்டரில் இருப்பவர் கம்ப்யூட்டரை ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்த்துவிட்டால் போதும், ஏதோ கண்டுபிடித்துவிட்டார் என்று முடிவுகட்டிவிடுவேன். சண்டே ஸ்கூலில் ஆயக்காரன் என்றால் வரி பிரிக்கிறவன் என்று சொல்லித்தந்த நாளிலிருந்தே எனக்கு அந்த ஜாதி மனுஷர்களைப் பிடிக்காது. அவர்களுக்கும் என்னைப் பிடிக்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்கு ஒரே தம்பி. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் கல்ஃபில் ஏசி மெக்கானிக்காக இருந்தபோது, எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருந்த பத்து சென்டில் வீடு வைத்தோம். கேரள எல்லையோரம், பாறசாலையிலிருந்து உள்ளே விலகிப்போகும் ஊர். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் அவன் குடும்பம், இந்தப் பக்கம் நான். இரண்டு முன்வாசல், இரண்டு அடுக்களை. அந்த நடுச்சுவரில் ஒரு வாதல் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் அவன்தான். கதவோடு கூடிய வழியை வாதல் என்று சொல்வது எங்கள் பேச்சு. என்னத்துக்குப் பிள்ளே இது என்று கேட்டேன். "சண்ட வந்தா பூட்டுவோம் அக்கா. வரல்லன்னா தொறந்து கெடக்கட்டு" என்றான். சண்டை பலமுறை வந்தது, ஆனால் யாரும் பூட்டவில்லை.

ஊருக்கே திரும்பிவந்து மாடியையும் கட்டத் தொடங்கினான். சுவர் எழும்பி கான்கிரீட்டும் போட்டாயிற்று, பூச்சு பாக்கி. அந்தச் சமயத்தில்தான் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. அந்தச் சொல் 'ஆக்கும்'.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் பேச்சை அழுத்திச் சொல்ல வாக்கியத்தின் கடைசியில் இதைச் சேர்ப்போம். நான் சொல்லியது உள்ளது ஆக்கும். அவன் எனக்க தம்பி ஆக்கும். தம்பிக்கு முன்னால் வரவேண்டிய சொல்லெல்லாம் உதிர்ந்துபோய் வால் மட்டும் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமென்றாலும் ஆக்கும், புரண்டு படுக்கவேண்டுமென்றாலும் ஆக்கும். நீட்டுவதிலும் குறுக்குவதிலும் நாங்கள் அர்த்தம் பிடித்துக்கொள்வோம். அவன் மனைவி தனுவச்சபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை செய்கிறாள். காலையில் போனால் மதியம் கழிந்துதான் வருவாள். அதனால் நான் மாலை ஷிப்ட் கேட்டு வாங்கினேன். காலை முழுவதும் என் அடுக்களையில் நின்றுகொண்டே, திறந்து கிடக்கும் வாதல் வழியாக அவன் கூப்பிடுவதைக் கேட்பேன். எங்கள் வாழ்க்கை அந்த வாதலை வைத்துத்தான் ஓடியது.

அப்போது அந்த உறை வந்தது.

நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். மலையாளம் சரளமாகப் பேசுவேன்; வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவேன். தம்பி மனைவிதான் வாசித்துச் சொன்னாள். இரண்டு பகுதியும் மாடியும் சேர்ந்து ஒரே வீடாம். அளவு வரம்பைத் தாண்டிவிட்டதாம். ஆகவே வருஷந்தோறும் ஆடம்பர நிகுதி என்ற வரி கட்டவேண்டும், கழிந்த வருஷங்களுக்கும் சேர்த்து. ஆட்சேபம் இருந்தால் எழுதிக்கொடுக்கலாம். வாசித்து முடித்துவிட்டு அவள் சிரித்தாள்.

"மைனி, நாம ஆடம்பரக்காரங்க ஆயாச்சு" என்றாள்.

குளிமுறிக் குழாய் ஒழுகுவதைத் துணி சுற்றிக் கட்டியிருந்தோம். பூசாத மாடியில் துணி காயப்போடுவதும் தேங்காய் உணக்குவதும்தான் ஆடம்பரம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து ஜப்தி என்ற சொல் தலைக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டது. ரோட்டில் ஒரு ஜீப் வேகம் குறைத்தால் ஜன்னலைச் சாத்துவேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன் பில்லை நீட்டினபோது வாங்காமல் உள்ளே போய்விட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது அரண்டவளுக்கும் சேர்த்துத்தான். கோபம் வேறு. தம்பியை வைத்துப் பார்க்கவே ஷிப்டை மாற்றிக்கொண்டு அல்லாடுகிறவளிடம் ஆடம்பரம் என்று கடிதாசி போடுகிறார்களே என்று ஆஸ்பத்திரி பஸ்ஸில் தனியாக முணுமுணுத்துக்கொண்டு போவேன்.

நெய்யாற்றின்கரையில் தாலுக்கா ஆபீசுக்குப் பக்கத்தில் ஓர் ஆதாரம் எழுத்துக்காரர் இருந்தார். பத்திரம் எழுதுவதோடு இப்படிப்பட்ட மனுக்களும் எழுதிக்கொடுப்பார். விவரமெல்லாம் கேட்டுவிட்டு, இரண்டு வீடு என்று ஆட்சேபம் கொடுக்கலாம், ஆனால் அளக்க ஆள் வரும் என்றார். பிறகு கேட்டார், உள்ளே போக்குவரத்து உண்டா என்று. நான் வாதலைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"அந்த வாதலு கெடக்கியது வரெ அது ஒரே வீடாக்கும். கெட்டி அடச்சுப்போடுங்க. ரெண்டு சாக்கு சிமெண்டு போரும்."

இவ்வளவுதானா என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. வரும் வழியிலேயே கொத்தனாருக்குப் போன் செய்துவிட்டேன். வீட்டில் சொன்னதும் தம்பி மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அவர் விளித்தால் உங்களுக்குக் கேட்குமா என்று மட்டும் கேட்டாள். ஜன்னல் இருக்கிறதே என்றேன். அவள் திரும்பிப்போய் அடுப்பைப் பற்றவைத்தாள். எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. சரி, ஒரு காலை நேரம் பூட்டித்தான் பார்ப்போம் என்று சவால்போலச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் வாதலைப் பூட்டினேன். அடுக்களை வேலை முடிந்து, அந்த நோட்டீசை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டத் தொடங்கினேன். அவள் வாசித்துச் சொன்னதுதான். ஆனாலும் விட்டுப்போன ஒரு சொல்லில் ஏதாவது விமோசனம் ஒளிந்திருக்குமோ என்று ஒரு நப்பாசை. மூன்றாவது வரியில் ஒரு கூட்டெழுத்தில் சிக்கிக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். ஏதோ தோன்றி எழுந்துபோய்த் திறந்தபோது தம்பி கட்டிலுக்குக் கீழே கிடந்தான். கன்னம் தரையில் பதிந்திருந்தது. எப்போது விழுந்தான், எத்தனை முறை கூப்பிட்டான், தெரியாது. குரல் மங்கி, மூச்சு விடுவதுபோல, ஆக்கும், ஆக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிறுத்தினான். அவனைத் தூக்கி உட்காரவைக்க எனக்குத் திராணியில்லை. தரையிலேயே அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் வருகிறவரை உட்கார்ந்திருந்தேன். அழுதேன்.

கொத்தனாரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதனால் பயம் போயிற்றா என்றால் இல்லை. பயந்தவளுக்கு மூளை நன்றாகத்தான் வேலை செய்யும், வேண்டாத பக்கமாக. எழுத்துக்காரரிடம் இரண்டு வீடு என்று ஆட்சேபம் எழுதிவாங்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அளக்க வருகிற நாளில் என் இரும்பு அலமாரியைத் தள்ளி வாதலுக்கு முன்னால் நிறுத்திவிடலாம் என்பது என் திட்டம். தம்பி மனைவி ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினாள். தள்ளும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வந்தவர் என் வயதுள்ள ஓர் அம்மாள், கூடவே டேப் பிடிக்க ஓர் ஆள். வெயிலில் நடந்து வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. நான் மனசில் வரைந்து வைத்திருந்த ஆயக்காரன் முகத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தம்பி மனைவி தங்கள் பக்கத்து முன்வாசலில் நின்றுகொண்டாள். மாடியை அளந்தார்கள், சுற்றி வெளியே அளந்தார்கள், என் அறைக்குள் வந்தார்கள். அந்த அம்மாள் தாளில் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், மலையாளத்தில் கேட்டார்.

"அப்போ இது ரெண்டும் ஒரே வீடாணோ?"

இல்லை என்று ஒரு சொல். அதற்காகத்தான் இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். வாய் திறந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த இடைவெளியில் அலமாரிக்குப் பின்னாலிருந்து, தெளிவாக, ஓங்கின குரலில் பதில் வந்தது.

"ஆக்கும்."

டேப் பிடித்தவர் அலமாரியைப் பார்த்தார். அந்த அம்மாள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக நான் பயந்துகொண்டிருந்தது இந்த ஒரு பார்வைக்குத்தான். அது வந்து, என் முகத்தில் பட்டு, நின்றது. அவ்வளவுதான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

"எனக்க தம்பியாக்கும். பேச்சு போயாச்சு, இந்த ஒரு சொல்லுதான் உண்டு. இதுக்குப் பின்னால வாதல் இருக்கு. அத அடச்சா அவன் விளிக்கியது எனக்குக் கேக்காது" என்றேன்.

டேப் பிடித்தவரும் நானுமாக அலமாரியை நகர்த்தினோம். அந்த அம்மாள் வாதல் வழியாக உள்ளே போய்க் கட்டிலருகில் நின்றார். சுகமா என்று கேட்டார். தம்பி ஆக்கும் என்றான். பிறகு அவர் என்னிடம், பார்த்ததைத்தான் எழுத முடியும் சேச்சி, பார்க்காததை எழுதமுடியாது என்று தணிந்த குரலில் சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை, இளக்கமும் காட்டவில்லை. சாயா வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தாலுக்கா ஆபீசில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அன்று காலையில் நான் தோசை தின்றுவிட்டுப் போனேன். என் மலையாளத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய அதிகாரி பொறுமையாகக் கேட்டார். சட்டத்தில் வாதல்தான் உண்டு, விளிப்பது இல்லை. ஒரே வீடு என்று உத்தரவாயிற்று. பாக்கியைத் தவணையாகக் கட்டச் சம்மதித்தார்கள். மாடிப் பூச்சுக்கு வைத்திருந்த பணம் அதில் போயிற்று. பயம் இருந்த இடத்தில் இப்போது கோபம் உட்கார்ந்திருந்தது. கோபத்தோடு பஸ் ஏறலாம், வேலைக்குப் போகலாம், சோறு தின்னலாம். பயத்தோடு அதெல்லாம் முடியாது.

வீட்டுக்கு வந்து தம்பியிடம், உன் வாயால்தான்டா எல்லாம் கெட்டது என்றேன். இடதுபக்க உதட்டால் சிரித்தான். ஆக்கும் என்றான். தம்பி மனைவியும் நானும் சிரித்துச் சிரித்து, பிறகு அவள் மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் மழை தொடங்கினபோது அவனுக்குப் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. உயிர் தப்பியது, அந்தச் சொல் போய்விட்டது. இப்போது அவன் கூப்பிடுவதில்லை. கண் திறந்து பார்க்கிறான், அவ்வளவே. வாதலை அடைத்தாலும் திறந்தாலும் ஒன்றுதான் என்று யாராவது சொல்லலாம். வீட்டில் யாரும் சொல்லவில்லை. நான் என் அடுக்களையில் ரேடியோ வைப்பதை நிறுத்திவிட்டேன்.

போன வாரம் பணம் கட்டப் போனேன். கவுண்டரில் இருந்தவர் எங்கள் பக்கத்துக்காரர், தமிழ் பேசுவார். ரசீதைக் கிழித்துக்கொண்டே, மனசில் பட்டதைக் கேட்டுவிட்டார்.

"அந்த வாதல அடச்சுப்போட்டா வருசா வருசம் இந்தப் பைசா கெட்டண்டாமே அக்கா. பின்ன என்னத்துக்கு?"

எல்லாவற்றையும் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஆடம்பரம் ஆக்கும்" என்றேன்.

அவர் அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, வாதல் வழியாகப் போய்த் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே நடந்ததைச் சொன்னேன். கடைசிச் சொல்லை அழுத்தி, இரண்டு முறை சொன்னேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டு, அடுப்பில் உலை வைக்க எழுந்து என் பக்கத்துக்கு வந்தேன். கதவைச் சுவரோடு சாய்த்து, காற்றில் அடைந்துவிடாமல் ஒரு கல்லை முட்டுக்கொடுத்தேன்.